லேப்டாப் ஹாட்கீ வேலை செய்யவில்லை என்றால் கெர்னல் டிரைவர் எழுத வேண்டுமா?

கேள்வி இது: புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாயிற்று. ஒலியைக் கூட்டும் குறைக்கும் கீகள் வேலை செய்கின்றன. டச்பேடை அணைக்கும் கீ, மைக் மியூட் கீ, கீபோர்டு விளக்குக் கீ மூன்றும் செத்துக் கிடக்கின்றன. இதற்குக் கெர்னல் டிரைவர் எழுத வேண்டுமா, எழுதுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

டிரைவர் (வன்பொருளோடு பேச, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நிரல்) எழுதுவது கடைசி வேலை. கீயை அழுத்தினால் கெர்னலுக்குச் செய்தி ஏதாவது வருகிறதா, வந்தால் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கீகள் இரண்டு வெவ்வேறு வழிகளில் வரும். ஆகவே உங்கள் மூன்று கீகளையும் ஒரே பிரச்சினையாக நினைக்காதீர்கள். அநேகமாக அவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள், அவற்றில் ஒன்றுக்காவது டிரைவரே தேவைப்படாது. (ஸ்கேன்கோடு என்பது கீபோர்டு அனுப்பும் எண், கீகோடு என்பது அந்தக் கீக்கு லினக்ஸ் வைத்திருக்கும் எண். கீழே வரும் போர்ட், ஸ்கேன்கோடு, கட்டளை, அறிவிப்பு, ஃபர்ம்வேர் எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்கள். கீகோடு எண்கள் மட்டும் சாதாரண எண்கள்.)

பழைய வழியிலிருந்து ஆரம்பிக்கலாம். லேப்டாப்பின் உள் கீபோர்டு இன்றைக்கும் பெரும்பாலும் பிஎஸ்/2 கீபோர்டாகத்தான் கெர்னலுக்குத் தெரிகிறது. 60, 64 என்ற போர்ட்டுகள் (சிபியு சாதனத்தோடு பேசும் முகவரிகள்), ஐஆர்க்யூ 1 (கீ வந்ததும் சிபியுவை இடைமறிக்கும் இன்டரப்ட்), அதைப் படிக்கும் ஐ8042 டிரைவர், அதற்கு மேலே ஏடிகேபிடி டிரைவர். எஃப்என் கீயை இதில் தேடாதீர்கள். பல மாடல்களில் அதை எம்பெடட் கன்ட்ரோலர் (கீபோர்டு, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் சின்னச் சில்லு, சுருக்கமாக ஈசி) தானே விழுங்கிவிட்டு, எஃப்என்னும் எஃப்6-உம் சேர்ந்தால் என்ன அனுப்ப வேண்டுமோ அதை மட்டும் அனுப்பும். அனுப்பும் ஸ்கேன்கோடு ஏடிகேபிடியின் அட்டவணையில் இல்லாவிட்டால் டிமெஸ்ஜியில் (கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) இரண்டு வரி விழும்: அறியாத கீ அழுத்தப்பட்டது, அதன் ஸ்கேன்கோடு இது என்று ஒன்று; செட்கீகோட்ஸ் கட்டளையால் இதைத் தெரியப்படுத்து என்று இன்னொன்று. ஒரு டெர்மினலில் டிமெஸ்ஜியை ஓடவிட்டு, செத்த கீயை நான்கைந்து முறை அழுத்திப் பாருங்கள். அந்த வரி வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏனென்றால் இதற்குக் கெர்னலைத் தொடவே வேண்டாம். சாதனங்களைக் கவனிக்கும் லினக்ஸ் சேவையான யூடெவ்வின் ஹெச்டபிள்யூடிபி என்ற வன்பொருள் அட்டவணை இதற்காகவே இருக்கிறது. ஈடிசி அடைவின் கீழே யூடெவ்வுக்கான இடத்தில் புதுக் கோப்பு ஒன்று. முதல் வரியில் எந்தத் தயாரிப்பாளர், எந்த மாடல் என்ற டிஎம்ஐ விவரம். அடுத்த வரி ஒரே ஒரு இடைவெளியோடு தொடங்கி, இந்த ஸ்கேன்கோடுக்கு இந்தக் கீ என்று சொல்லும். அந்த ஒற்றை இடைவெளியை விட்டுவிட்டு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஹெச்டபிள்யூடிபியைப் புதுப்பிக்கும் கட்டளை, யூடெவ்வை மறுபடி தூண்டும் கட்டளை, அவ்வளவுதான். டச்பேடு கீ பெரும்பாலும் இந்த ரகம்.

இதில் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, சில ஹாட்கீகள் அழுத்தியதை மட்டும் சொல்லும், விட்டதைச் சொல்லாது. கெர்னல் அந்தக் கீ இன்னும் அழுத்தியபடியே இருக்கிறது என்று நம்பி மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் டச்பேடு ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று படம் காட்டும். ஹெச்டபிள்யூடிபி வரியில் கீயின் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால், ‘விட்ட’ செய்தியைக் கெர்னலே சேர்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, எக்ஸ்11 என்ற பழைய திரைக்காட்சி அமைப்பு. அதன் நெறிமுறையில் கீ எண்ணுக்கு எட்டு பிட்தான் இடம். லினக்ஸ் எண்ணோடு 8-ஐக் கூட்டித்தான் எக்ஸுக்குப் போகும். எனவே 247-க்கு மேற்பட்ட கீகோடு எதுவும் எக்ஸில் ஓடும் பயன்பாட்டுக்கு நேரடியாகத் தெரியாது. மைக் மியூட்டின் எண் 248. ஒன்றே ஒன்றில் கோட்டைத் தாண்டிவிட்டது, பாவம். டச்பேடு மாற்றும் கீ 530. இதனால்தான் ஹெச்டபிள்யூடிபியில் நெடுங்காலமாக மைக் மியூட்டை எஃப்20 என்றும் டச்பேடை எஃப்21 என்றும் எழுதும் வழக்கம் இருந்தது. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இந்தத் தடை இல்லை. எவ்டெஸ்டில் (இன்புட் சாதனத்திலிருந்து வரும் கீகளைக் காட்டும் கருவி) கீ ஒழுங்காக வருகிறது, டெஸ்க்டாப்பில் மட்டும் அசைவில்லை என்றால், டிரைவரைக் குறை சொல்லும் முன் இதைச் சரிபாருங்கள்.

டிமெஸ்ஜியில் ஒன்றும் விழவில்லையா? எவ்டெஸ்டை எடுத்து, அது காட்டும் ஒவ்வொரு இன்புட் சாதனத்தையும் திறந்து கீயை அழுத்திப் பாருங்கள். கீபோர்டு என்ற பெயருள்ள ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. ‘வீடியோ பஸ்’, ‘டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்’, ‘இன்டெல் ஹெச்ஐடி’ என்று நாலைந்து சாதனங்கள் வரிசையில் நிற்கும். கூடவே ஏசிபிஐ நிகழ்வுகளைக் காட்டும் ஏசிபிஐ-லிசனையும் ஓடவிடுங்கள். கீபோர்டு வழியாக வராதது பெரும்பாலும் ஏசிபிஐ (மெஷினுக்குள் தயாரிப்பாளர் பதித்த நிரலான ஃபர்ம்வேரும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் தரம்) வழியாகத்தான் வரும்.

அந்த வழியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், டிரைவர் எழுத இது புரிந்தே ஆக வேண்டும். நீங்கள் கீயை அழுத்துகிறீர்கள். எம்பெடட் கன்ட்ரோலர் எஸ்சிஐ என்ற இன்டரப்டை எழுப்புகிறது. கெர்னலின் ஈசி டிரைவர் 66-ஆம் போர்ட்டில் 84 என்ற கட்டளையை எழுதி ‘என்ன விஷயம்?’ என்று கேட்கிறது. பதில் எண் 62-ஆம் போர்ட்டில் வருகிறது. பதில் 11 என்றால், பயோஸில் தயாரிப்பாளர் எழுதி வைத்திருக்கும் ஏசிபிஐ நிரலில் க்யூ11 என்ற மெத்தடைக் கெர்னல் ஓட்டுகிறது. அந்த மெத்தட் தனக்கு வேண்டிய சில்லறை வேலைகளை முடித்துவிட்டு, ஏதோ ஒரு ஏசிபிஐ சாதனத்துக்கு ஓர் எண்ணோடு ‘நோட்டிஃபை’ செய்கிறது. அந்தச் சாதனத்தைக் கவனிக்கும் டிரைவர் இருந்தால் அதன் ஹேண்ட்லருக்கு (செய்தி வந்ததும் ஓடும் நிரல் பகுதி) எண் போய்ச் சேரும். இல்லாவிட்டால் காற்றோடு போயிற்று. ஹாட்கீ டிரைவர் என்பது சாராம்சத்தில் இந்த ஹேண்ட்லர்தான்.

எந்தச் சாதனத்துக்கு நோட்டிஃபை போகிறது என்பதே மிச்சத்தைத் தீர்மானிக்கும். திரை வெளிச்சம் என்றால் ஏசிபிஐ தரத்திலேயே எண் உண்டு: 86 கூட்டு, 87 குறை. இவற்றைக் கெர்னலின் பொதுவான வீடியோ டிரைவர் பார்த்துக்கொள்ளும், நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். மற்றவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தச் சாதனத்தை வைத்துக்கொள்கிறார்கள். திங்க்பேடில் அது ஹெச்கீ என்ற சாதனம். நோட்டிஃபை வந்ததும் டிரைவர் அதன் ஒரு மெத்தடைக் கூப்பிட்டு, வரிசையில் நிற்கும் நிகழ்வு எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும்.

இன்று அதிகம் புழங்குவது டபிள்யூஎம்ஐ, ஏசிபிஐயின் மேலே தயாரிப்பாளர்கள் தங்கள் வசதிகளைத் திறந்துவிடும் இடைமுகம். பிஎன்பி0சி14 என்ற அடையாளம் கொண்ட ஏசிபிஐ சாதனம் இருந்தால் உங்கள் மெஷினில் டபிள்யூஎம்ஐ இருக்கிறது. அதற்குள் ஜியுஐடி எனப்படும் நீளமான அடையாளங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். சில அடையாளங்கள் மெத்தடுகளுக்கு, சில நிகழ்வுகளுக்கு. நிகழ்வு நடந்ததும் அதன் விவரத்தைத் தரும் டபிள்யூஇடி என்ற மெத்தடைக் கெர்னலின் டபிள்யூஎம்ஐ அடுக்கே கூப்பிட்டு, கிடைத்ததை உங்கள் டிரைவர் கையில் கொடுத்துவிடும். அது ஓர் எண்ணாக இருக்கலாம், பைட்டுகளின் தொகுப்பாகவும் இருக்கலாம். அந்தத் தொகுப்பில் எந்த பைட் கீ எண் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல மாட்டார். ஏசிபிஐடம்ப் கருவியால் ஏசிபிஐ நிரலை எடுத்து, ஐஏஎஸ்எல் கருவியால் படிக்கும்படி பிரித்து, க்யூ மெத்தடிலிருந்து நோட்டிஃபை வரை நூல் பிடித்துப் போனால் தெரிந்துவிடும். இந்த வாசிப்புக்கு ஒரு சாயங்காலத்தைச் செலவழித்தால் டிரைவர் எழுதும் நேரம் பாதியாகும். டிரைவர் நிரலை முதலில் தட்டிவிட்டு அப்புறம் அனுமானத்தில் எண்களை மாற்றிப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

இன்டெல் வகுத்த பொதுவான ஹெச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போன்ற இன்புட் சாதனங்கள்) நிகழ்வு வழி ஒன்றும் இருக்கிறது. பல நிறுவனங்களின் மெஷின்களில் காணலாம். இன்டெல்-ஹெச்ஐடி, இன்டெல்-விபிடிஎன் என்ற இரண்டு டிரைவர்கள் அதைக் கவனிக்கின்றன. ஆப்பிள் கீபோர்டுகள் தனி உலகம்: அங்கே எஃப்என் கீயே கெர்னலுக்குத் தெரியும், ஹெச்ஐடி-ஆப்பிள் டிரைவர்தான் எஃப்1-ஐ வெளிச்சம் குறைக்கும் கீயாக மாற்றுகிறது.

சரி, டபிள்யூஎம்ஐ நிகழ்வு வருகிறது, யாரும் கேட்கவில்லை. இப்போதாவது புது டிரைவரா? இல்லை, இன்னும் இல்லை. கெர்னல் மூலத்தில் டிரைவர்ஸ், பிளாட்ஃபார்ம், எக்ஸ்86 என்ற அடைவைத் திறந்து பாருங்கள். ஏசூஸ், டெல், ஹெச்பி, ஏசர், லெனோவா, தோஷிபா, சோனி, எம்எஸ்ஐ, ஹுவாவே, எல்ஜி என்று எல்லாருக்கும் ஏதோ ஒன்று உண்டு. உங்கள் ஜியுஐடியை அங்கே தேடுங்கள். அகப்பட்டால், அந்த டிரைவரின் கீ அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடக்கூடும். அட்டவணையில் இல்லாத எண் வந்தால் பல டிரைவர்கள் ‘அறியாத கீ’ என்று லாகில் எழுதவும் செய்யும்.

அந்த அட்டவணைக்குப் பெயர் ஸ்பார்ஸ் கீமேப். ஹாட்கீ எண்கள் ஒழுங்கான வரிசையில் வராது. 30, 31, 32 என்று வந்து திடீரென்று எங்கோ தாவும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் மட்டும்: வகை, ஃபர்ம்வேர் தரும் எண், லினக்ஸ் கீகோடு. உதாரணத்துக்கு ஏசூஸ் டிரைவரில் 30 ஒலி கூட்டு, 31 ஒலி குறை, 32 மியூட். வகைகளில் சாதாரணக் கீ உண்டு, டேப்லெட் மோடு போன்ற ஸ்விட்ச் உண்டு, அப்புறம் ‘கண்டுகொள்ளாதே’ என்ற ஒன்றும் உண்டு.

அந்தக் கடைசி வகை எதற்கு என்று புரிந்துகொண்டால் ஹாட்கீ டிரைவரின் தர்மம் புரிந்துவிடும். பல மெஷின்களில் ஒரே கீ அழுத்தல் இரண்டு வழியிலும் வரும்: கீபோர்டு கன்ட்ரோலர் ஒரு ஸ்கேன்கோடு அனுப்பும், டபிள்யூஎம்ஐயும் ஒரு நிகழ்வு அனுப்பும். இரண்டையும் மேலே அனுப்பினால் மியூட் ஒருமுறை விழுந்து உடனே எழுந்துவிடும். பயனருக்குக் கீ வேலை செய்யவில்லை என்றே தோன்றும். அதனால் ஒரு வழியைக் கண்டுகொள்ளாதே என்று போட வேண்டும். டெல்லின் டபிள்யூஎம்ஐ டிரைவரில் மியூட் கீ அப்படித்தான் இருக்கிறது. வரியை அழித்துவிட்டால் ‘அறியாத கீ’ என்று லாக் நிரம்பும், எனவே வரி இருக்க வேண்டும், செயல் இருக்கக் கூடாது.

இதே காரணத்தால்தான், ஃபர்ம்வேர் தானே செய்து முடித்த வேலையைக் கீயாக அனுப்பக் கூடாது. உங்கள் கீபோர்டு விளக்குக் கீக்கு இங்கே வருகிறோம். எம்பெடட் கன்ட்ரோலரே விளக்கை ஏற்றி இறக்கிவிட்டு ‘மாற்றிவிட்டேன்’ என்று மட்டும் சொல்லும் மெஷின்கள் உண்டு. அங்கே விளக்கைக் கூட்டும் கீகோடை அனுப்பினால் டெஸ்க்டாப் இன்னொரு படி கூட்டும். சரியான முறை: டிரைவர் விளக்கை எல்இடி சாதனமாகப் பதிவு செய்யட்டும், பெயர் கேபிடி-பேக்லைட் என்று முடியட்டும், வன்பொருளே மாற்றியது என்ற அறிவிப்பை எல்இடி அடுக்கு வழியாக விடட்டும். டெஸ்க்டாப் அதைப் பார்த்துத் திரையில் அளவைக் காட்டும், கை வைக்காது. விளக்கு எரியவே இல்லை, நிகழ்வு மட்டும் வருகிறது என்றால் கதை வேறு. அப்போது கீயாக அனுப்புங்கள், விளக்கை ஏற்றும் டபிள்யூஎம்ஐ மெத்தடை எல்இடி சாதனத்தின் வழியே திறந்து விடுங்கள்.

டிரைவர் தானே செயலில் இறங்கலாமே, மைக் கீ வந்தால் நேராக மைக்கை அணைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அழுத்தப்பட்டது என்பதைச் சொல்வது கெர்னல் வேலை, என்ன செய்வது என்பது பயனரின் டெஸ்க்டாப் முடிவு. ஆனாலும் கெர்னலே இந்த விதியை ஓரிடத்தில் வளைக்கிறது: ஏசிபிஐ வீடியோ டிரைவர் வெளிச்சக் கீயை மேலே அனுப்பிவிட்டு நொடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருக்கும். அதற்குள் யாரும் வெளிச்சத்தை மாற்றாவிட்டால் தானே மாற்றும். டெஸ்க்டாப் இல்லாத வெறும் கன்சோலிலும் வெளிச்சம் மாற வேண்டுமே. மைக்கின் சின்ன விளக்குக்கும் நேர்த்தியான ஏற்பாடு உண்டு. உங்கள் டிரைவர் அதை ஒரு எல்இடியாகப் பதிவு செய்து, ‘ஆடியோ-மைக்மியூட்’ என்ற ட்ரிகரோடு கட்டினால் போதும். ஒலி அடுக்கு மைக்கை அணைக்கும்போது விளக்கு தானாக எரியும். கீ ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம், இரண்டுக்கும் நேரடித் தொடர்பே வேண்டாம்.

உண்மையிலேயே புது ஜியுஐடி, யாரும் எழுதவில்லை என்றால் எழுதுங்கள், பெரிய நிரல் ஆகாது. டபிள்யூஎம்ஐ டிரைவர் அமைப்பில் ஜியுஐடி பட்டியல், ப்ரோப் (சாதனம் அகப்பட்டதும் ஓடுவது), நோட்டிஃபை (நிகழ்வு வந்ததும் ஓடுவது) மூன்றும் இருக்கும். ப்ரோபில் இன்புட் சாதனத்தை ஒதுக்கி, பெயர் வைத்து, பஸ் வகையை ஹோஸ்ட் என்று சொல்லி, ஸ்பார்ஸ் கீமேப்பை ஏற்றி, பதிவு செய்ய வேண்டும். நோட்டிஃபையில் வந்த தரவின் வகையையும் நீளத்தையும் சரிபார்த்து (ஃபர்ம்வேரை நம்பவே நம்பாதீர்கள்), எண்ணை எடுத்து, ஸ்பார்ஸ் கீமேப்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஏசிபிஐ நிகழ்வில் பெரும்பாலும் ‘விட்டது’ என்பது கிடையாது, எனவே ஆட்டோ-ரிலீஸை உண்மை என்று கொடுங்கள்: அழுத்தியதும் விட்டதும் அடுத்தடுத்துப் போகும். ஜியுஐடி பட்டியலை மாட்யூல் டிவைஸ் டேபிளாகவும் அறிவித்துவிட்டால், அந்த ஜியுஐடி உள்ள மெஷினில் மாட்யூல் தானாக ஏறும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. ஏசிபிஐ நோட்டிஃபை வேலைகள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சிபியு கோர்களில் ஓடலாம். கீயை வேகமாகத் தட்டினால் ஒன்றின் ‘அழுத்தியது’, மற்றொன்றின் ‘அழுத்தியது’, ‘விட்டது’ இரண்டுக்கும் நடுவில் புகுந்து, ஓர் அழுத்தல் காணாமல் போகும். ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எடுத்துக்கொண்டு அறிக்கையிடுங்கள். இந்த ஹேண்ட்லர்களில் தூங்கலாம், அதாவது நிரல் காத்திருக்கலாம், அதனால் மியூடெக்ஸ் தப்பில்லை. ஆனால் ஐ8042 ஃபில்டர் போட்டுக் கீபோர்டு ஓட்டத்தை ஒட்டுக்கேட்கும் டிரைவர் எழுதினால் அங்கே தூங்கவே கூடாது. ஸ்கேன்கோடைப் பார்த்ததும் வேலையை வொர்க்க்யூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். டெல் லேப்டாப் டிரைவர் வயர்லெஸ் கீக்கு அப்படித்தான் செய்கிறது.

இன்னொன்று: யாராவது கேட்கிறார்கள் என்று சொன்னால்தான் சில ஃபர்ம்வேர்கள் நிகழ்வு அனுப்பத் தொடங்கும். விண்டோஸில் தயாரிப்பாளரின் செயலி அந்த வேலையைச் செய்யும். திங்க்பேடில் இதற்கு ஒரு மாஸ்க் இருக்கிறது, எந்த பிட்டை ஏற்றினால் எந்தக் கீ வரும் என்று. உங்கள் மைக் கீ எந்த வழியிலும் தலைகாட்டவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஏசிபிஐ நிரலில் க்யூ மெத்தடின் தொடக்கத்திலேயே ஏதாவது மாறியைச் சோதித்து, பூஜ்யம் என்றால் திரும்பிவிடுகிறதா என்று பாருங்கள். அந்த மாறியை எழுதும் மெத்தட் எது என்று தேடினால் சாவி அங்கே கிடைக்கும். அதைக் கூப்பிடுவதை ப்ரோபின் கடைசியில், இன்புட் சாதனம் பதிவான பிறகு வையுங்கள். ரெஸ்யூமிலும் மறுபடி கூப்பிடுங்கள், ஏனென்றால் தூங்கி எழுந்த ஃபர்ம்வேர் மறந்திருக்கக்கூடும். ‘சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் ஹாட்கீ போய்விடுகிறது’ என்ற புகாரைக் கண்டால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

எந்த வழியிலும் வராத, மாஸ்க்கும் இல்லாத கீகளும் உண்டு. எஃப்என் லாக் பல மெஷின்களில் அப்படி, கன்ட்ரோலருக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடியும். அதற்கு டிரைவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதன் நிலையைப் படிக்க ஒரு மெத்தட் இருந்தால் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் நிலைகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) காட்டலாம், லெனோவாவின் ஐடியாபேட் டிரைவர் காட்டுவதுபோல.

புது விண்டோஸ் லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளருக்காக இருக்கும் கோபைலட் கீ பற்றியும் ஒரு வார்த்தை. அது புதிய கீயே அல்ல. இடது மெட்டா (விண்டோஸ் கீ), இடது ஷிஃப்ட், எஃப்23 மூன்றையும் சேர்த்து அனுப்பும் ஒரு வேஷம். எஃப்23-இன் ஸ்கேன்கோடு கெர்னல் 6.14-இல்தான் ஏடிகேபிடியின் இயல்பு அட்டவணைக்குள் வந்தது. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் மேலே சொன்ன ஹெச்டபிள்யூடிபி வரியே போதும்.

வேலை முடிந்ததும் உங்கள் மெஷினோடு வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிடுங்கள். ஹெச்டபிள்யூடிபி வரி சிஸ்டம்டி திட்டத்துக்குப் போக வேண்டும், டிரைவர் மாற்றம் எக்ஸ்86 பிளாட்ஃபார்ம் டிரைவர்களைப் பராமரிப்பவர்களுக்கு. மாற்றக் குறிப்பில் மாடல் பெயர், பயோஸ் பதிப்பு, எந்தக் கீக்கு எந்த எண் வந்தது, அதே கீ கீபோர்டு வழியாகவும் வருகிறதா என்ற நான்கையும் எழுதுங்கள். நான்காவது இல்லாவிட்டால் அதைக் கேட்டு ஒரு பதில் வரும், பேட்ச் அதுவரை நிற்கும். ஜியுஐடியாலேயே அடையாளம் காண முடிகிற இடத்தில் மாடல் பெயரை டிஎம்ஐ பட்டியலாக அடுக்காதீர்கள். அடுத்த வருட மாடலுக்கு மறுபடி ஒருவர் அதே வரியைச் சேர்க்க வந்து நிற்பார்.